விடுவிக்கப்பட்ட காணியும் இரண்டு வீட்டுச் சீவியமும்

வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்படும் நாட்களில் வருகின்ற செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். முட்கம்பி வேலி சில நூறு மீற்றர் பின்னால் நகர்த்தப்படும். படை அதிகாரி ஒருவர் மாவட்டச் செயலாளரிடம் பத்திரத்தைக் கையளிப்பார். வயதான அம்மா ஒருவர் பற்றைக்குள் நின்று, தன் வீட்டின் அத்திவாரத்தைக் கைகாட்டி அழுவார். மறுநாள் பத்திரிகைகளில் ‘பல வருடங்களின் பின் மக்கள் மீள்குடியேறினர்’ என்று தலைப்பு வரும்.

மக்கள் காணியைப் பார்த்தார்கள் என்பது உண்மை. குடியேறினார்கள் என்பதுதான் அவசரம். செய்தி முடிகின்ற அந்த இடத்தில்தான் அந்தக் குடும்பம் வீடு மாறத் தொடங்குகிறது. அந்த வீடு மாறல் மூன்று வருடமோ ஐந்து வருடமோ இழுபடும். அது எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது பலாலி, மயிலிட்டி, ஊரணி, தையிட்டி, காங்கேசன்துறை, வறுத்தலைவிளான், கட்டுவன், வசாவிளான் என்று அடுத்தடுத்த ஊர்கள் வெறுமையாகின. கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள் இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றுதான் எண்ணினார்கள். பின்னர் அந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2015இன் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாக வந்தன. 2015 டிசம்பர் கடைசியில் 701 ஏக்கர், 2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகத்தை அண்டிய 54 ஏக்கர், 2018 ஏப்ரலில் 683 ஏக்கர், 2023 பெப்ரவரியில் 108 ஏக்கர். இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் படையினரிடமே இருக்கிறது.

இந்தத் தொகைகளை அரசாங்கமும் சொல்கிறது, எங்கள் அரசியல்வாதிகளும் சொல்கிறார்கள். ஒரு தரப்பு கொடுத்ததைச் சொல்கிறது, மற்றத் தரப்பு கொடாததைச் சொல்கிறது. இரண்டு தரப்புக்கும் ஏக்கர்தான் கணக்கு. விடுவிக்கப்பட்ட காணியில் இன்று எத்தனை வீட்டில் இரவில் விளக்கு எரிகிறது, எத்தனை வீட்டில் அடுப்பு மூட்டப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. மயிலிட்டிப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு போய்ப் பார்த்தால் விடை ஓரளவு விளங்கும். துப்புரவாக்கி வேலி அடைத்த வளவுகள் இருக்கும், அரைச்சுவர் எழும்பிய வீடுகள் இருக்கும், பகலில் வந்து வேலை செய்துவிட்டுப் போனவர்களின் மண்வெட்டியும் இருக்கும். ஆட்கள் சுன்னாகத்திலோ மல்லாகத்திலோ உடுவிலிலோ வாடகை வீட்டில் இருப்பார்கள்.

இதைச் சிலர் ‘காணி காணி என்று கத்தினார்கள், கொடுத்தால் போய் இருக்கிறார்கள் இல்லை’ என்று சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வருகின்ற அதிகாரிகள் மட்டுமல்ல, எங்கள் ஆட்களும் சொல்கிறார்கள். வீடு மாறுவது என்றால் என்ன என்று யோசிக்காதவர்களின் பேச்சு அது.

சாதாரண காலத்தில், எல்லா வசதியும் உள்ள ஒரு வீட்டிலிருந்து எல்லா வசதியும் உள்ள இன்னொரு வீட்டுக்கு மாறுவதே ஒரு குடும்பத்தை ஒரு மாதம் ஆட்டிவிடும். இங்கே போகின்ற இடத்தில் வீடு இல்லை. கிணறு தூர்ந்து கிடக்கிறது. மின்கம்பம் இல்லை, ஒழுங்கை இருந்த இடம் தெரியவில்லை. ஆகவே குடும்பம் பழைய இடத்தை விட முடியாது, புதிய இடத்தையும் விட முடியாது. பகலில் ஒருவர் காணியில் நிற்க வேண்டும். கல் வந்தால் இறக்க வேண்டும், மேசனுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும், சீமெந்து மூட்டை களவு போகாமல் பார்க்க வேண்டும். அதே நேரம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ரியூசனுக்கு ஏற்றி, மாமியாரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பின்னேரம் சமைக்கவும் வேண்டும். கணவர் கடலுக்கோ கூலிக்கோ போகின்ற வீடுகளில் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சைக்கிளில் ஓடுவது அந்த வீட்டு அம்மாதான். போரில் கணவரை இழந்த குடும்பங்களில் கேட்கவே தேவையில்லை. அங்கே மேசனோடு விலை பேசுவதும் அவரே, அலுவலக வரிசையில் நிற்பதும் அவரே.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஓடுகின்ற ஆறு கிடையாது. மழைகாலத்தில் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், சுண்ணக்கல்லுக்குள் தேங்குகின்ற மழைத்தண்ணீரும் அதைத் தோண்டி எடுக்கின்ற கிணறும்தான் சீவியம். கால்நூற்றாண்டுக்கு மேல் இறைக்காத கிணற்றுக்குள் மரம் முளைத்திருக்கும், இடிந்த கட்டின் கல் விழுந்திருக்கும். யுத்தப் பொருள் எதுவும் கிடக்கவில்லை என்று கண்ணிவெடி அகற்றுபவர்கள் சொல்லும்வரை கை வைக்கவும் பயம். துப்புரவாக்குவதற்கு மோட்டர் வேண்டும், மோட்டருக்கு மின்சாரமோ எண்ணெயோ வேண்டும், உள்ளே இறங்க ஆள் வேண்டும்.

அதைவிடச் சிக்கல், கிணறு பல வளவுகளுக்குப் பொதுவாக இருப்பது. எங்கள் காணி உறுதிகளில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்று எழுதியிருக்கும். 1990இல் நான்கு பங்காளிகளும் ஒரே ஒழுங்கையில் இருந்தார்கள். இன்று ஒருவர் கனடாவில், ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் மூன்று நாட்டில், ஒருவர் முகாமில். கிணறு இறைக்கின்ற செலவை யார் பங்கிடுவது? கட்டு கட்டுவதற்கு யாரிடம் சம்மதம் கேட்பது? முதலில் திரும்பி வந்தவர் தலையில் முழுச் செலவும் விழுகிறது. பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்ததை எல்லோரும் அறிவோம். அதன் பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற தாயைக் குறை சொல்ல முடியாது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரக்கூடியது என்றார்கள். ஆனால் குழாய் எந்த ஒழுங்கைக்கு எப்போது வரும் என்பது, அந்த ஒழுங்கையில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குடும்பம் வருவதோ தண்ணீரைப் பொறுத்தது.

மின்சாரமும் அப்படித்தான். இணைப்புக்கு விண்ணப்பிக்க வயரிங் முடிந்த வீடு வேண்டும். பிரதான கம்பியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதோடு செலவு ஏறும். ஒழுங்கையில் முதலாவதாக வருகின்ற குடும்பத்துக்குத்தான் தூரம் அதிகம், செலவும் அதிகம். பின்னால் வருபவர் அந்தக் கம்பத்தில் சுலபமாகத் தொடுத்துக்கொள்வார். ஆகவே எல்லோரும் மற்றவர் முதலில் போகட்டும் என்று பார்க்கிறார்கள். இது சுயநலம் அல்ல, கையில் காசில்லாதவரின் கணக்கு. 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூடிய பிறகு, இரண்டு இடத்துக்கும் பில் கட்ட நேர்ந்த வீடுகளில் அந்தக் கணக்கு இன்னும் இறுகியது.

பள்ளிக்கூடம் வேறு மாதிரியான முடிச்சு. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இல் சொந்த இடத்துக்குத் திரும்பியது. வேறு பள்ளிக்கூடங்களும் பின்னர் திரும்பின. கட்டடம் திரும்பியது மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைகள் இடம்பெயர்ந்த ஊரில் பிறந்து, அங்கே முன்பள்ளி போய், அங்கேயே கூட்டாளி பிடித்தவர்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம் என்று ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் எந்த வருடமும் யாருக்கோ ஒரு சோதனை வருடம்தான். மாற்றுவதற்கு ஏற்ற வருடமே வராது. மாணவர் தொகை குறைவு என்று ஆசிரியர் நியமனம் தள்ளிப்போகும். ஆசிரியர் இல்லை என்று தாய்தகப்பன் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

வீட்டுத்திட்டப் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, பின்னர் மீள்குடியேற்ற அமைச்சின் திட்டத்தில் 8 இலட்சம் ரூபா. தவணை தவணையாகத்தான் வரும். அத்திவாரம் முடிந்ததை ஆள் வந்து பார்த்து எழுதிய பிறகு அடுத்த தவணை, சுவர் எழும்பிய பிறகு அடுத்தது. இடையில் உள்ள மாதங்களில் மேசன் காத்திருக்கமாட்டான். நகை அடகு கடைக்குப் போகும், அதுவும் முடிந்தால் நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார். 2018இல் நுண்கடனில் சிக்கிய பெண்களுக்கு அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததை இந்தப் பின்னணியோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும், தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டத்தில் தொடங்கியிருந்த பல வீடுகளுக்குத் தவணை நின்றுபோனது. இருந்த தகரக் கொட்டிலைப் பிரித்து அத்திவாரம் போட்டவர்கள் கொட்டிலும் இல்லாமல் வீடும் இல்லாமல் நின்றார்கள். 2021இல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு மூட்டை சீமெந்து 2022இல் மூவாயிரம் ரூபா வரை போனது. 1990 வரை நாட்டுக்கே சீமெந்து கொடுத்த காங்கேசன்துறையில் இதைச் சொல்லிச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆளை வருத்துவது பதிவுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் நிர்வாகத்தில் ஒரு குடும்பம் ஒரு கிராம அலுவலர் பிரிவில்தான் இருக்கலாம். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, சமுர்த்தியாக இருந்து 2023இலிருந்து அஸ்வெசும ஆகிய கொடுப்பனவு, முதியோர் கொடுப்பனவு, தாய் சேய் கிளினிக், பாடசாலை அனுமதி, எல்லாமே அந்தப் பிரிவைப் பார்த்துத்தான். பதிவைச் சொந்த ஊருக்கு மாற்றினால் இருக்கின்ற இடத்தில் ‘நீங்கள் போய்விட்டீர்களே’ என்பார்கள். மாற்றாவிட்டால் சொந்த ஊரில் ‘நீங்கள் இங்கே இல்லையே’ என்பார்கள். வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு அங்கே வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பதிவு இங்கே வேண்டும். விதானையார் சரிபார்க்க வருகின்ற நேரம் அம்மா மற்ற இடத்தில் நின்றால் ‘ஆள் இல்லை’ என்று எழுதப்படும். விதானையாரிலும் முழுப் பிழை இல்லை. அவருடைய படிவத்தில் ‘பகலில் இங்கே, இரவில் அங்கே’ என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

முகாமில் இருந்தவர்களுக்கு இது இன்னும் கடுமையாக விழுந்தது. 2015 டிசம்பரில் மல்லாகம் கோணப்புலம் முகாமுக்குப் போன அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஆறு மாதத்துக்குள் இவர்களைக் குடியமர்த்துவேன் என்று வாக்குறுதி கொடுத்தார். அப்போது மாவட்டத்தில் 30க்கும் மேற்பட்ட நலன்புரி நிலையங்கள் இருந்தன. 2016இல் கீரிமலையில் இராணுவம் 100 வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. கோணப்புலம், சபாபதிப்பிள்ளை, கண்ணகி முகாம் ஆட்களில் பலர் அதற்குப் பின்னும் அங்கேயே இருந்தார்கள். காணி விடுவிக்கப்பட்டவுடன் கடதாசியில் அவர்கள் இடம்பெயர்ந்தோர் அல்ல. கூரை அப்படியே, தகரம் அப்படியே, பட்டியலில் பெயர் மட்டும் குறைந்தது. பட்டியலில் தொகை குறைவதை முன்னேற்றம் என்று அறிக்கை எழுதுபவர்களுக்கு இது வசதியானது.

காலம் செய்த இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும். 1990இல் இரண்டு பரப்புக் காணியோடு ஓடிய ஒரு தம்பதிக்கு இன்று நான்கு பிள்ளைகளும் நான்கு குடும்பங்களும். தேசவழமைப்படி மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதுவது எங்கள் வழக்கம். காணி முட்கம்பிக்குள் இருந்த காலத்தில் எழுத முடியவில்லை, அல்லது பார்க்காமலே எழுதினார்கள். விடுவித்ததும் அந்த இரண்டு பரப்பில் யார் வீடு கட்டுவது என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே வெடிக்கிறது. உறுதி 1995 இடப்பெயர்விலோ வன்னியிலோ தொலைந்திருந்தால் இன்னும் மோசம். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையேல் அரச காணி என்று வர்த்தமானி வந்தபோது எழுந்த பதற்றம் இந்தப் பின்னணியில்தான். எதிர்ப்பினால் அரசாங்கம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது, உச்ச நீதிமன்றமும் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் காணிக் கச்சேரிக்கும் நொத்தாரிசுக்கும் அலைந்தார்கள், அந்த நாட்களில் கூலி எவ்வளவு போனது என்று யாரும் எழுதவில்லை.

இரண்டு வீட்டுச் சீவியம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், போருக்குப் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பியபோது புத்தளத்தில் ஒரு கால் வைத்துத்தான் வந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு அங்கே, காணி இங்கே. பதிவைப் பார்க்க வந்த அதிகாரிகள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பெயரை வெட்டினார்கள். ‘உண்மையில் இருக்க வருபவர்களா, வீட்டுத்திட்டத்துக்கு வருபவர்களா’ என்று அவர்களைப் பார்த்துக் கேட்டதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அதே கேள்வி இன்று மயிலிட்டிக்காரரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. பொஸ்னியாவில் 1995 டேற்றன் உடன்படிக்கைக்குப் பின் இரண்டு இலட்சம் அளவிலான வீடுகள் உரியவர்களுக்குச் சட்டப்படி திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஆனால் திரும்பி வந்து குடியிருந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. வேலையும் பள்ளிக்கூடமும் இல்லாத ஊரில் திறப்பை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலர் விற்றுவிட்டுப் போனார்கள். வலிகாமம் வடக்கிலும் விற்பனை தொடங்கினால் அதற்குப் பிறகு முட்கம்பி தேவைப்படாது.

செய்யக்கூடியவை பெரிய விடயங்கள் அல்ல. காணி விடுவிக்க முதலே கம்பமும் வீதியும் பொதுக் கிணறும் வரலாம். மின்சார சபையும் பிரதேச சபையும் அங்கே போவதைப் படையினர் தடுக்கத் தேவையில்லை, ஏனெனில் விடுவிக்கப் போவதாக அவர்களே சொல்கிறார்கள். ஒழுங்கையில் முதலாவதாக வருகின்ற வீட்டின் இணைப்புச் செலவை அரசாங்கம் ஏற்கலாம். வீட்டுத்திட்டக் காலத்துக்கு இரு பிரிவுப் பதிவை அனுமதிக்க ஒரு சுற்றறிக்கை போதும். இடம்பெயர்ந்தவர்கள் பழைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய 2013இல் விசேட சட்டமே கொண்டுவந்தார்கள். வாக்குக்கு முடிந்தது அஸ்வெசுமவுக்கும் பள்ளி அனுமதிக்கும் ஏன் முடியாது? பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டங்களில் ஏக்கர்க் கணக்கு கேட்கின்ற எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள், விடுவித்த பிரிவுகளில் எத்தனை மின் இணைப்பு வழங்கப்பட்டது என்ற கேள்வியையும் எழுத்தில் கேட்கலாம்.

2019 ஒக்டோபரில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. அச்சுவேலி - வசாவிளான் வீதி திறப்பதற்கு 2024 நவம்பர் ஆனது, 34 வருடம். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரல் 10ஆம் திகதி நிபந்தனைகளோடு திறந்தது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், நடந்து போகக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பஸ் தவிர்ந்த கனரக வாகனம் போகக் கூடாது. அன்று அந்த வீதியால் முதல் தடவை பஸ்ஸில் போன சனம் யன்னலால் எட்டி எட்டித் தங்கள் வளவைத் தேடினார்கள். வீடு கட்டுகிற மணலும் கல்லும் கொண்டுவருகின்ற டிப்பர் எந்த வழியால் வரும் என்பதை அந்த அறிவித்தல் பலகை சொல்லவில்லை.